தவமணியின் கார் போக மறுத்த இடங்கள்

ஏழுகரை ஊரின் கிழக்குப் பக்கம், கூட்டுறவு நகர் என்று சிமெண்ட் வளைவில் எழுதி வைத்த குடியிருப்பில், காரைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தவமணியிடம்தான் போவார்கள், போகாவிட்டால் தவமணியே வந்துவிடுவார். எந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், எந்த வண்டியின் சாமான் மதுரையிலேயே கிடைக்கும், எதை வாங்கிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டிவரும், சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றால் எது கையைக் கடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாண வீட்டில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், சாவு வீட்டில் பாடை கட்டி முடிகிற வரைக்கும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். "வாங்குறது பெரிசில்லங்க, வச்சுக் காப்பாத்துறதுதான் பெரிசு" என்று அவர் ஆரம்பித்ததும் கேட்கிறவருக்கு மாத்திரை சாப்பிடுகிற நேரம் வந்துவிடும். அப்படிப்பட்டவர் வருஷக்கணக்காக விசாரித்து, விசாரித்த கடைக்காரர்கள் எல்லாரும் அவரைக் கண்டால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கிய பிறகு, வெள்ளை நிறத்தில் ஒரு குடும்பக் கார் வாங்கினார்.

புதுக்கார் எடுத்தால் ஊரே பிள்ளையார் கோவிலுக்குத்தான் போகும். அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதால் அங்கே வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசையில் நகர்ந்து நகர்ந்து நின்றால் பெட்ரோல் வீணாகும் என்று கணக்குப் போட்ட தவமணி, ஊர்க்கோடியில் காற்றாடிக்கொண்டிருந்த எல்லைக் கருப்பர் கோவிலுக்கு வண்டியைத் திருப்பினார். எல்லைக் கருப்பர் பொய்யைப் பொறுக்காத சாமி. ஆட்டைத் திருடியவன், வரப்பைத் தள்ளிப் போட்டவன், வாங்கிய நகையை வாங்கவே இல்லை என்று சாதித்தவன் எல்லாரையும் இழுத்துவந்து எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிற இடம் அது, அங்கே வண்டிக்குப் பூஜை போட்ட ஆள் கிடையாது, பூசாரிக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அவர் தனக்குத் தெரிந்தபடி பானட்டின் மேல் சூடத்தை ஏற்றி, "மனசறிஞ்சு பொய் பேச மாட்டேன்னு கருப்பரைப் பார்த்துச் சொல்லு" என்று காரிடமே சொல்லிவிட்டார். அடித்த காற்றில் சூடம் தானாக அணைந்தது. பூசாரி திருநீற்றை அள்ளிக் கண்ணாடியில் பூசினார், தவமணி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், காரியம் இவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. புதுக்கார் வாங்கியவர்கள் போகிற இடங்களுக்கே தவமணி குடும்பமும் போனது. ராமேஸ்வரம் போனார்கள், குற்றாலம் போனார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் நாலுவழிச் சாலையில் போய்விட்டுத் திரும்பினார்கள், வண்டி வெண்ணெயாக ஓடியது. பிறகு தவமணியின் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. அந்த அண்ணன் கட்டிய வீட்டில் லிஃப்ட் இருப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தவமணிக்கு வயிறு சரியில்லை, அவர் மனைவி இந்திராணிக்கோ அந்த அண்ணியின் சிரிப்பைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் போகாவிட்டால் நன்றாயிருக்காது என்று பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாகக் காரில் ஏறி, "தலையக் காட்டிட்டு உடனே வந்துருவோம்" என்று சொல்லித் தவமணி சாவியைத் திருப்பினார். கார் கிளம்பவில்லை. உறுமவும் இல்லை, இருமவும் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாத பெரிய மனுஷர் மாதிரி இருந்தது.

மெக்கானிக் ரபீக் வந்து பேட்டரியை மாற்றினார், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார், பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினார், மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், எனக்கு நல்லா ஓடுது சார். இந்தா, டீ குடிக்கப் போயிட்டு வந்தேன், பறக்குது. நீங்க உக்காந்தாத்தான் மக்கர் பண்ணுது" என்றார். தவமணி அவரை நம்பவில்லை. காரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று ரபீக்குக்கு மட்டும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், இன்னொரு பேட்டரி வாங்கினார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது இந்திராணி, அதுவும் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்து இல்லை. தவமணி வேலை பார்க்கிற பண்டகசாலையின் மேலாளருடைய மாமியார் இறந்துபோய், துக்கம் விசாரிக்கப் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல் கார் பேசாமல் இருந்தது. இந்திராணி கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்துவிட்டு, "போக மனசில்லாமப் போனா இப்படித்தான் இருக்கும். அந்தம்மா யாருன்னே நமக்குத் தெரியாது. பேசாம புரோட்டாக் கடைக்குப் போவோமா?" என்றாள். அவர் "சரி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை வாசலில் நிறுத்தி, "இப்ப மேனேஜர் வீடு" என்றார் தவமணி, செத்தது. "சால்னா" என்றார், உயிர் வந்தது. அன்று அவர்கள் வேண்டிய மட்டும் சாப்பிட்டார்கள்.

ஆகக்கூடி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு மனசில்லை என்றாலும் அந்தக் கார் நகராது, எல்லாருக்கும் மனசிருந்தால் யார் தடுத்தாலும் நிற்காது. இது தெரிந்தவுடன் வேறு ஊராக இருந்தால் டெல்லியிலிருந்து விஞ்ஞானிகளை வரவழைத்திருப்பார்கள். கூட்டுறவு நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. சங்கத் தலைவர் சவரிமுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டார். காரின் குணத்தைப் பற்றிச் சங்கத்துக்கு ஆட்சேபம் எதுவுமில்லை என்றும், ஆனால் அதை வளைவுக்கு முன்னால் நிறுத்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்றும் தீர்மானம் ஆயிற்று. காபியும் கீரைவடையும் கொடுத்தார்கள். கலைந்து போகும்போது ஆளாளுக்குத் தவமணியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு நாள் காரைத் தர முடியுமா என்று கேட்டார்கள்.

அதற்கப்புறம் கார் வீட்டில் நின்றதே இல்லை. பெண் பார்க்க வருகிற பையனை அந்தக் காரில்தான் ஏற்றிவர வேண்டும் என்று பெண் வீட்டார் சொன்னார்கள். ஒரு பையன் ஏறினதும் கார் கல்லாகிவிட, அந்தச் சம்பந்தத்தை அப்படியே கைகழுவிவிட்டு அடுத்த பையனை ஏற்றினார்கள், வண்டி பறந்து வந்து வாசலில் நின்றது. அவனுக்குப் பெண்ணின் மேல் மனசா பிரியாணியின் மேல் மனசா என்று யாரும் கேட்கவில்லை, காருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. பிரசவம் முடிந்து மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஒரு மருமகளைக் குழந்தையோடு ஏற்றினார்கள், கார் அசையவில்லை, அவள் அம்மா வீட்டிலேயே இன்னும் சில மாதம் இருந்துகொண்டாள், குழந்தை நன்றாகத் தேறியது. வார்டு கவுன்சிலர் கண்மாய் உடைந்து வெள்ளம் புகுந்த தெருவில் மக்களைச் சந்தித்து ஆறுதல் சொல்வதற்காக, நமக்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று இந்தக் காரையே கேட்டு வாங்கினார். ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது கிளம்ப மறுத்தது. அவர் வியர்த்துப் போய், "சரிய்யா, போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு வந்துருவோம்" என்று டிரைவரின் காதில் சொன்னதும் சீறிக்கொண்டு புறப்பட்டது.

இப்படிக் கொஞ்ச காலம் ஊரே சிரித்தது, பிறகு ஊருக்குப் பயம் வந்தது. வெயிலில் நடந்து வருகிறவர்களைப் பார்த்துத் தவமணி வண்டியை நிறுத்தினால், "இல்ல சார், டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு" என்று சொல்லி எதிர்ப்பக்கம் நடந்தார்கள். சவரிமுத்து சார் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மழையென்றும் பாராமல் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார், நடை உடம்புக்கு நல்லது என்று யாரும் கேட்காமலேயே விளக்கமும் சொன்னார். ஆபீசுக்கு ஏற்றிப் போவதாகச் சொன்னால் ஆண்கள் ஓடி ஒளிந்தார்கள்; தவமணிக்கே வேலைக்குப் போக மனசு இருந்ததற்குக் காரணம், பண்டகசாலையில் புதிதாக வந்தவர்களிடம் காரைப் பற்றிப் பேசலாம் என்பதுதான்.

சொந்தக்காரர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். தவமணி குடும்பம் காரில் வந்து இறங்கினால் அது மாலை மரியாதைக்கும் மேலே போய்விட்டது. பஸ்ஸில் வந்தால் செருப்பால் அடித்த மாதிரி. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டை நீட்டும்போதே, "அவசியம் கார்ல வரணும்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொள்கிற முகத்தையே உற்றுப் பார்த்தார்கள். விசேஷ வீட்டு வாசலில் ஒரு ஆள் இவர்கள் எதில் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே நின்றான். லிஃப்ட் வைத்து வீடு கட்டிய அண்ணன் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார், அத்தை மகன் முகம் கொடுக்கவில்லை, சித்தி நேரில் வந்தே மண்ணை வாரித் தூற்றினாள். டயர் தேயவில்லை, பிரேக் தேயவில்லை, இஞ்சின் ஆயில் தேன் மாதிரி இருந்தது, தேய்ந்ததெல்லாம் உறவுமுறைதான். அது எந்தக் கடையிலும் மாற்றிக் கிடைக்காத சாமான் என்பது தவமணிக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் மைலேஜ். மகள் யாழினிக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது, அவளைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் மூன்று பேருமாகக் கொடைக்கானல் போனார்கள். பாதி வழியிலேயே பெட்ரோல் முள் கீழே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் கார் மலையேறியது, மலையிறங்கியது, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் சிரிப்புச் சத்தத்திலேயே வீடுவரைக்கும் வந்து சேர்ந்தது. தவமணி அன்றைக்குச் சிரித்ததைவிடக் கணக்குப் போட்டதுதான் அதிகம். வெறும் ஆசையில் ஓடுகிற வண்டியை விற்க அவர் என்ன மடையரா? ஒருமுறை விற்கவும் பார்த்தார்தான். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்து மயங்கி நின்றபோது, கூட வந்த அவர் மனைவி, "இத வாங்குனா எங்கம்மா வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாக்கத்தான போறேன்" என்றாள், அந்த மனுஷர் கொடுத்த அட்வான்ஸைக்கூடத் திருப்பி வாங்காமல் போய்விட்டார்.

யாழினி ஓசூருக்குப் போனாள். வீடு பழையபடிதான் இருந்தது, அதே சோபா, அதே டீவி, அதே ஜன்னல், ஆனால் யாரோ உள்ளிருந்து பஞ்சை உருவிவிட்ட தலையணையாகக் கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் பண்டகசாலையைப் பூட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து தவமணி சாவியைத் திருப்பினார். கார் கிளம்பவில்லை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வண்டியில் அவரைத் தவிர யாருமில்லை. பேட்டரியாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பேட்டரி கெட்டுப்போக வேண்டும் என்று அவர் சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு முக்கு டீக்கடையை நினைத்துத் திருப்பினார், கிளம்பியது. டீயைக் குடித்துவிட்டு வீட்டை நினைத்துத் திருப்பினார், அணைந்தது. காரை ஏமாற்றலாம் என்று, கூட்டுறவு நகர் வளைவுக்கு எதிரில் இருக்கிற பழக்கடைக்குப் போவதாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார், அதுவும் நல்ல பிள்ளையாகப் பழக்கடை வரைக்கும் வந்து நின்றது, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வளைவின் கீழே சங்கத்துக்காரர்கள் நின்றார்கள். தவமணி அவசர அவசரமாக ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, பண்டகசாலையில் எதையோ மறந்துவிட்டதாகப் பாவனை செய்து, வந்த வழியே காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

"கார் எங்க?" என்றாள் இந்திராணி.

"பேட்டரி" என்றார் தவமணி.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒரு சண்டை, ஒரு சந்தேகம், ஒரு கள்ளத்தனம் என்று இருந்திருந்தால் அதை விட்டுவிட்டுக் காரைத் திருப்பியிருக்கலாம். இங்கே ஒன்றுமே இல்லை. இந்திராணி நல்லவள், சமைத்து வைப்பாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், இருவரும் டீவியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அந்த நல்ல வீட்டுக்குப் போகத்தான் மனசு வரவில்லை. இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். மனசில்லாத மாப்பிள்ளையை விரட்டிவிட்ட ஊர், மருமகளை அம்மா வீட்டிலேயே நிறுத்திவைத்த ஊர், கார் சொன்னால் அப்பீல் கிடையாது. ஊரைக்கூடச் சமாளித்துவிடலாம். இந்திராணிக்குத் தெரிந்தால் அவள் இத்தனை வருஷம் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்பாள். ஆகவே அவர் தினமும் காரைப் பண்டகசாலை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, பேட்டரி, சர்வீஸ், பெயிண்ட், ஆயில் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பத்து வருஷத்துக்குச் செலவே வைக்காத வண்டி என்று பெருமையடித்த வாயாலேயே அதற்கு இல்லாத நோயையெல்லாம் சொன்னார்.

அப்போது மதுரையில் இந்திராணியின் தம்பி பால்பாண்டி வீட்டில் காதுகுத்து வந்தது. அவள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். விசேஷத்தன்று தவமணி காரில் போனார், கார் தடையில்லாமல் ஓடியது; இந்திராணியைப் பார்க்கிற ஆசையா, பால்பாண்டி வீட்டு மட்டன் சுக்காவா, அல்லது இந்தக் கார் தன் வீட்டை விட்டு எந்தப் பக்கம் போனாலும் இப்படித்தான் ஓடுமா என்று வழியெல்லாம் யோசித்து, யோசிக்காமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தார். சாயங்காலம் கிளம்புகிற நேரம் வந்தது. சுக்கா டப்பாவும் முறுக்குத் தூக்கும் வாழையிலைக் கட்டும் பின்சீட்டில் ஏறின. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவேளை கிளம்பிவிடும் என்று ஒரு நப்பாசை அவருக்கு. வாசலில் பால்பாண்டி, அவன் மனைவி, அவன் மாமியார் வீட்டார், மேளக்காரர்கள்கூட, எல்லாரும் அந்தப் பேர்பெற்ற காரைப் பார்ப்பதற்காகவே நின்றார்கள்.

"பாருங்க, எங்க மாமா வண்டி எப்படிக் கெளம்புதுன்னு" என்றான் பால்பாண்டி பெருமையாக.

தவமணி சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை திருப்பினார். வாசலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். சட்டையெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது அவருக்கு. முடிந்தது என்று நினைத்தார்.

இந்திராணி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "நாந்தாண்டா தம்பி" என்றாள். "எனக்குத்தான் கெளம்ப மனசு வரல."

கூட்டம் ஓவென்று சிரித்தது. அக்காளுக்குத் தம்பி வீட்டின் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அவன் மாமியார் மூக்கைச் சிந்தினாள். வராத வெட்கத்தை வரவழைத்துக்கொண்டு பால்பாண்டி நெளிந்தான். தவமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழி அவள் தலையில் விழுந்ததில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்து அவர் பிறகு வெட்கப்பட்டார், ஆனால் அந்த நிமிஷத்தில் படவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெருந்தன்மையாகப் புன்னகைத்தார்.

"அப்ப நீ இருந்துட்டு வாக்கா" என்றான் பால்பாண்டி. "மாமா மட்டும் கெளம்பட்டும். நீங்க எடுங்க மாமா வண்டிய, இப்பக் கெளம்பும் பாருங்க."

எல்லாரும் மறுபடியும் காரைப் பார்த்தார்கள். தவமணியின் கை சாவியின் மேல் இருந்தது, திருப்ப வரவில்லை. அவர் தலையைத் தூக்கி இந்திராணியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல்.

"அதெல்லாம் வேணாம்டா" என்றாள். "நானும் போறேன். அங்கன போட்டது போட்டபடி கெடக்கு. நாங்க பஸ்ல போய்க்கிறோம், வண்டி இங்கனயே நிக்கட்டும்." பின்கதவைத் திறந்து டப்பாவையும் தூக்கையும் எடுத்துக்கொண்டாள். "இறங்குங்க" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

டவுன் பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. கண்டக்டர் பெண்களுக்குக் காசில்லை என்று அவளுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தவமணியிடம் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பஸ் யாருக்கு எங்கே போக மனசிருக்கிறது என்று கேட்கவில்லை, விசில் அடித்தவுடன் கிளம்பியது. பெரிய பாலத்தைத் தாண்டியது. அவர் பேசாமல் இருந்தால் இந்த விஷயம் இத்தோடு முடிந்துவிடும், ஊருக்கும் பால்பாண்டியின் மாமியார் வீட்டுக்கும் அது இந்திராணியின் தம்பிப் பாசமாகவே நின்றுவிடும், அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"அது நீ இல்ல" என்றார். "நானாத்தான் இருக்கும்."

"தெரியும்" என்றாள் இந்திராணி.

"எப்படித் தெரியும்?"

"தெனமும் சட்டைப் பையில பஸ் டிக்கெட்டு, பேட்டரிக்கு ஒரு பில்லக் காணோம். ஒங்க சட்டைய யாரு தொவைக்கிறா?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார், அங்கே கம்பி இருந்தது. "வேற ஒண்ணும் இல்ல இந்திராணி. சத்தியமா வேற எதுவும் இல்ல."

"வேற எவளாவது இருந்திருந்தா அவ தெருவுக்குக் கார் ஓடியிருக்குமே. நீங்க ஏன் பஸ்ல வாரீக?" என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் தூக்கின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "நான் அங்க சொன்னதும் பொய்யில்ல. எனக்கும்தான் மனசு வரல. பாப்பா போனப்புறம் அந்த வீட்டுல என்ன இருக்கு? நீங்களும் டீவியப் பாக்குறீக, நானும் டீவியப் பாக்குறேன். காய் வாங்கப் போனா திரும்பி வர கால் எழ மாட்டேங்குது. மாரியம்மன் கோயில் வாசல்லயே உக்காந்துகெடப்பேன், பூக்காரி கடையக் கட்டுற வரைக்கும்."

தவமணி இதை எதிர்பார்க்கவில்லை. தனக்கு மனசில்லை என்பதை அத்தனை நாள் மூடி மூடி வைத்த மனுஷருக்கு, அவளுக்கும் மனசில்லை என்று கேட்டது பொறுக்கவில்லை. அது அநியாயம் என்று அவருக்கே தெரிந்தது, இருந்தாலும் வலித்தது.

"பிறகு எதுக்கு வருவ?" என்று கேட்டார்.

"நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வருவீகள்ல. அதுக்குள்ள வந்து லைட்டப் போடணும்னுதான். வேற எதுக்கு?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார். மனசு இருக்கிற இடத்துக்குப் போவது என்ன பெரிய காரியம், ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் அந்த வெட்டிக் கார்கூடத்தான் போகிறது. மனசே வராத வீட்டுக்குத் தினமும் நடந்து வந்து ஒருத்தி தனக்காக லைட்டைப் போட்டிருக்கிறாள், இது புரியாமல் தான் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நம்பிக்கையான வண்டி எது என்று பாடம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. முறுக்குத் தூக்கை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் மூடியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துப் பாதி உடைத்து அவரிடம் நீட்டினாள்.

ஏழுகரையில் அவர்கள் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஆளுக்கொரு பையுமாக நடந்து வளைவுக்கு வந்தார்கள். அங்கே சங்கத்தின் நிர்வாகிகள் அத்தனை பேரும் தெருவிளக்கைப் பற்றி ஆலோசித்துக்கொண்டு நின்றார்கள், இவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவதைப் பார்த்ததும் தெருவிளக்கு பின்னுக்குப் போய்விட்டது.

"என்ன சார், நடந்து வர்றீங்க?" என்றார் சவரிமுத்து. "கார் என்னாச்சு? மறுபடியும் பேட்டரியா?"

தவமணி பையைக் கீழே வைத்தார். இந்திராணி அவரைப் பார்க்கவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பேட்டரியெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். "எங்க ரெண்டு பேருக்குமே வீட்டுக்கு வர மனசில்ல. அதான் பஸ்ல வந்தோம்."

செயலாளர் போனை எடுத்து, வராத ஒரு அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டு நகர்ந்தார். பொருளாளருக்கு வீட்டில் பால் பொங்குகிற ஞாபகம் வந்தது. மற்றவர்கள் எரியாத தெருவிளக்கை அண்ணாந்து பார்த்தார்கள். தவமணி பையை எடுத்துக்கொள்ள, இருவரும் தங்கள் தெருவுக்குள் திரும்பினார்கள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சவரிமுத்து சார் வேகமாக நடந்து வந்து சேர்ந்தார், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பேசியிராத தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அது எத்தனாம் நம்பர் பஸ் சார்?"